இரசிகர் கருத்தும் விஞ்ஞானக் கற்பனைப் படங்களும்



ஒரு கலைப்படைப்பு யாருக்கு உரியது என்ற வினா மிகப் பழையது. படைத்தவர் தமது உழைப்பைக் காட்டி உரிமை கோருவார். பொருள் செலவிட்டவர் பத்திரத்தையும் சட்டத்தையும் காட்டி உரிமை கோருவார். இவ்விருவருக்கும் அப்பால், எவ்விதப் பத்திரமுமின்றி, அன்பு ஒன்றையே ஆதாரமாகக் காட்டி உரிமை கோருபவர் ஒருவர் உளர். அவர்தாம் இரசிகர். அவருடைய உரிமை எத்தகையது, அஃது எதுவரை செல்லத்தக்கது என்பதையே இன்றைய பேச்சிற் சிறிது ஆராய விரும்புகின்றேன்.

இந்த ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொண்ட களம், விஞ்ஞானக் கற்பனைக் கதைகளையும் அதிமானிட வீரர் கதைகளையும் காட்டும் திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களுமாகும். விண்வெளியிற் செல்லும் கலங்கள், வேற்றுலக உயிர்கள், முகமூடியணிந்து தீயோரை அடக்கும் வீரர்கள் ஆகியோரைப் பற்றிய படங்கள் இவை. சிறுவர் பார்த்துக் களிக்கும் இப்படங்களைப் பற்றிப் பெரியோர் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஆயின், வேறெந்தக் கலைத்துறையிலும் இரசிகர் கருத்து இத்துணை உரத்துப் பேசியதில்லை. இத்துணை ஒழுங்காகத் திரண்டதுமில்லை. அது நிறுத்தப்படவிருந்த தொடரை நிலைநிறுத்தியது. அரசாங்கம் கட்டிய விண்ணோடத்தின் பெயரை மாற்றியது. அதே கருத்து, குற்றமேதும் செய்யாத நடிகர் ஒருவரை உயிரையே வெறுக்கவும் செய்தது. ஆகவே இது விளையாட்டுப் பொருளன்று.

இந்த இரசிகர் கூட்டம் எவ்வாறு தோன்றியது என்பதை முதலிற் பார்ப்போம். லக்சம்பேர்க்கிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஹியூகோ கேர்ன்ஸ்பாக் என்பவர், வானொலிக் கருவிகளை விற்றும் வானொலி பற்றிய சஞ்சிகைகளை நடத்தியும் பெயர் பெற்றவர். அவர் 1926இல் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். விஞ்ஞானக் கற்பனைக் கதைகளுக்கென்றே அமைந்த சஞ்சிகை அது. வாசகர் கடிதங்களை வெளியிட்டபோது எழுதியவரின் முகவரியையும் அவர் சேர்த்து அச்சிட்டார். சிறிய செயல்தான், ஆயினும் அதன் விளைவு பெரிது. ஒரு கதையைப் பற்றித் தம்மைப் போலவே எண்ணும் ஒருவர் இன்னோர் ஊரில் இருக்கிறார் என்பதை வாசகர் அறிந்தனர். ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினர், கழகங்கள் அமைத்தனர், தாமே தட்டச்சுச் செய்து பிரதியெடுத்த சிறு ஏடுகளை வெளியிட்டனர். 1939 யூலையில் நியூயோர்க் நகரில் உலக விஞ்ஞானக் கற்பனைக் கதை மாநாடு என்ற பெயரில் முதன்முறையாக ஒன்றுகூடினர்.

அத்தகைய சிற்றேடு ஒன்றை 1933இல் கிளீவ்லண்ட் நகரில் வெளியிட்டவர்கள் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர்கள். 1938இல் இதே இருவரின் கையிலிருந்துதான் 'சூப்பர்மேன்' வெளிவந்தான். அதிமானிட வீரர்களுக்கெல்லாம் மூத்தவன் இரசிகர் இருவரின் சிந்தையிற் பிறந்தவன் என்பது கருதத்தக்கது. இத்துறையிற் படைப்போருக்கும் சுவைப்போருக்கும் இடையே உயர்ந்த மதிலொன்று என்றுமே இருந்ததில்லை.

இனி, இரசிகர் கருத்து தன் வலிமையை உலகுக்கு முதன்முதலாகக் காட்டிய நிகழ்ச்சிக்கு வருவோம். 'ஸ்டார் ட்ரெக்' என்னும் தொடர் 1966 செப்டெம்பர் 8ஆம் நாள் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஆரம்பமாயிற்று. ஜீன் ரொடன்பெரி என்பவர் அதைப் படைத்தார். இருபத்துமூன்றாம் நூற்றாண்டில் 'என்டர்பிரைஸ்' என்னும் விண்கலத்திற் பல இனத்தவரும் ஒன்றாகப் பணிபுரிந்து, புதிய உலகங்களைத் தேடிச் செல்வதே அதன் கதை. பார்ப்போர் தொகை நிறுவனம் எதிர்பார்த்த அளவுக்கு இருக்கவில்லை. இரண்டாம் ஆண்டின் முடிவில் தொடர் நிறுத்தப்படும் என்ற செய்தி 1967இன் இறுதியிற் பரவியது.

அப்பொழுது கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜோன் டிரிம்பிள், பிஜோ டிரிம்பிள் என்னும் தம்பதியர் ஒரு கடித இயக்கத்தைத் தொடங்கினர். அவர்கள் இரசிகருக்குக் கூறிய ஆலோசனைகள் இன்றும் படிக்கத்தக்கவை. ஒவ்வொருவரும் தம் சொந்த வார்த்தைகளில் எழுதவேண்டும், மரியாதையாக எழுதவேண்டும், எழுதுபவர் தமக்குத் தெரிந்த பத்துப்பேரை எழுதத் தூண்டவேண்டும், அவர்கள் ஒவ்வொருவரும் இன்னும் பத்துப்பேரைத் தூண்டவேண்டும். கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. அவற்றின் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியது. 1968 ஜனவரியிற் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள் தீப்பந்தங்கள் ஏந்தி நிறுவனத்தின் வாயிலுக்கே ஊர்வலமாகச் சென்றனர். 1968 மார்ச் 1ஆம் நாள், அன்றைய கதை முடிந்தவுடன், தொடர் நீடிக்கும் என்று தொலைக்காட்சியிலேயே அறிவிக்கப்பட்டது.

இத்துடன் கதை இனிதாக முடிந்திருக்கலாம். ஆனால் உண்மை அவ்வாறு முடியவில்லை. மூன்றாம் ஆண்டில் நிறுவனம் அத்தொடரை வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளிவைத்தது. அதை விரும்பிப் பார்க்கும் இளைஞர்கள் வீட்டில் இராத நேரம் அது. செலவுப் பணமும் குறைக்கப்பட்டது. படைத்தவரும் அன்றாடப் பொறுப்பிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். 1969 யூன் 3ஆம் நாள் இறுதிக் கதை ஒளிபரப்பாயிற்று. அதன்பின் ஏழு வாரங்கள் நிறைவதற்குள் மனிதன் சந்திரனிற் கால்வைத்தான். இரசிகரால் ஓராண்டு வாழ்வை வாங்கிக்கொடுக்க முடிந்தது. நல்ல கதைகளை எழுதிக்கொடுக்கவோ நல்ல நேரத்தைப் பெற்றுக்கொடுக்கவோ முடியவில்லை. கருத்தின் வலிமையையும் அதன் எல்லையையும் ஒரே நிகழ்ச்சியிற் காண்கின்றோம்.

ஆயினும் அந்த ஓராண்டு வீண்போகவில்லை. மூன்றாண்டுக் கதைகளும் சேர்ந்து 79 ஆயின. அத்தனை கதைகள் கையில் இருந்தமையால் அமெரிக்காவின் பல ஊர்களிலுமுள்ள சிறு நிலையங்கள் அவற்றை வாங்கி, நாள்தோறும் மீண்டும் மீண்டும் ஒளிபரப்ப இயன்றது. முதன்முறை பார்க்காதவர்கள் அப்பொழுது பார்த்தனர். 1972 ஜனவரியில் நியூயோர்க்கில் அத்தொடரின் இரசிகர் கூட்டம் நடைபெற்றபோது, சில நூறு பேரை எதிர்பார்த்த அமைப்பாளர்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கண்டு திகைத்தனர். 1976இல் அமெரிக்கா தனது முதலாவது விண்ணோடத்துக்குக் 'கொன்ஸ்டிடியூஷன்' என்று பெயரிட எண்ணியிருந்தது. மறுபடியும் கடிதங்கள் குவிந்தன. ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டின் காலத்தில், அவ்வாண்டு செப்டெம்பர் 17ஆம் நாள், அது 'என்டர்பிரைஸ்' என்ற பெயருடன் வெளிக்கொணரப்பட்டது. கற்பனைக் கலத்தின் நடிகர்கள் நிஜக் கலத்தின் முன்னே நின்றனர். அந்த விண்ணோடம் 1977இல் வளிமண்டலத்தினுள் மிதந்து இறங்கும் சோதனைகளுக்குப் பயன்பட்டதேயன்றி விண்வெளிக்குச் செல்லவில்லை. ஆயினும் ஒரு கதையின் பெயர் ஓர் அரசாங்கத்தின் கலத்தில் ஏறிவிட்டது.

இலட்சம் பேரின் கருத்தைக் கூறினேன். ஒரே ஒருவரின் கருத்து செய்த வேலையையும் கூறவேண்டும். அத்தொடரிற் செய்தித் தொடர்பு அதிகாரியாக நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ் என்னும் கறுப்பின அம்மையார். முதலாம் ஆண்டின் முடிவில் அவர் தொடரை விட்டு விலகி நாடக மேடைக்குத் திரும்பத் தீர்மானித்தார். அவ்வேளையில் ஒரு கூட்டத்தில், உங்கள் இரசிகர் ஒருவர் உங்களைக் காண விரும்புகின்றார் என்று அவரிடம் கூறப்பட்டது. திரும்பிப் பார்த்தபோது அங்கே நின்றவர் மார்ட்டின் லூதர் கிங். தாமும் தம் குடும்பமும் அத்தொடரை விரும்பிப் பார்ப்பதாகக் கூறிய அப்பெரியார், விலகப்போவதாக அம்மையார் சொன்னதும், விலகவே கூடாது என்றார். வேலைக்காரியாக அல்லாமல், அறிவும் பதவியும் உடைய ஒருத்தியாக ஒரு கறுப்பினப் பெண்ணை உலகம் முதன்முறையாகப் பார்க்கிறது என்பதை அவர் எடுத்துரைத்தார். இந்நிகழ்ச்சியை 2022இற் காலமாகும்வரை அம்மையாரே பலமுறை சொல்லியிருக்கின்றார். அவர் விலகவில்லை. அவரைத் திரையிற் கண்டு ஊக்கம் பெற்ற சிறுமியருள் ஒருவர் மே ஜெமிசன். 1992இல் விண்வெளிக்குச் சென்ற முதலாவது ஆபிரிக்க அமெரிக்கப் பெண்மணி அவரே.

ஒரு படைப்பில் உள்ள பெறுமதியைப் படைப்பிற் பங்கெடுத்தவரே காணத் தவறும்போது அதைக் கண்டு சொல்லுதல் இரசிகரின் முதற்கடன் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பதரிது.

நிற்க. இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்று வானொலி நேயர்களாகிய உங்களுக்குச் சிறப்பாக உவப்பளிக்கும். பி.பி.சி. நிறுவனம் 1963 நவம்பர் 23ஆம் நாள் 'டொக்டர் ஹூ' என்னும் தொடரைத் தொடங்கியது. காலத்தினூடாகப் பயணஞ்செய்யும் ஒருவரின் கதை அது. அக்காலத்தில் ஒளிப்பதிவு நாடாக்கள் விலையுயர்ந்தவை. ஒருமுறை ஒளிபரப்பிய நிகழ்ச்சியை மீண்டும் காட்டவேண்டிய தேவை வரும் என்று அதிகாரிகள் கருதவில்லை. ஆகவே நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தினர். படச்சுருள்களும் இடமில்லையென்று எறியப்பட்டன. இவ்வாறு 1960களில் வெளிவந்த பல கதைகள் காட்சியளவில் மறைந்துபோயின.

ஆனால் அவற்றின் ஒலி மறையவில்லை. அந்நாளில், வீட்டிற் படங்களைப் பதிவு செய்யக் கருவி இல்லாத காலத்தில், சில இளம் இரசிகர்கள் ஒலிப்பதிவுக் கருவியைத் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே வைத்து ஒவ்வொரு கதையின் குரல்களையும் இசையையும் பதிவு செய்துகொண்டனர். யாரும் அவர்களை ஏவவில்லை. பின்னொருநாள் அது பயன்படும் என்றும் அவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். மறுநாள் மீண்டும் கேட்கவேண்டும் என்ற ஆசை மட்டுமே இருந்தது. இன்று, மறைந்துபோன கதைகள் அனைத்தினதும் ஒலி உலகுக்குக் கிடைத்திருப்பது அவர்களால்தான். உரிமையுடைய நிறுவனம் எறிந்ததை உரிமையற்ற பிள்ளைகள் காத்தனர்.

அதே தொடர் 1989இல் நிறுத்தப்பட்டு 2005இல் மீண்டும் உயிர்பெற்றது. அதை மீட்டெடுத்தவர் ரஸல் டி. டேவிஸ், அவர் சிறுவயதுமுதல் அத்தொடரின் இரசிகர். 2013இற் கதாநாயகராகத் தெரிவு செய்யப்பட்ட பீட்டர் கபால்டி, 1974இற் பள்ளி மாணவராக இருந்தபோது அத்தொடரைப் பாராட்டி 'ரேடியோ டைம்ஸ்' சஞ்சிகைக்கு எழுதிய கடிதம் அச்சில் வந்திருக்கிறது. கடிதம் எழுதிய சிறுவன் முப்பத்தொன்பது ஆண்டுகளின் பின் தான் விரும்பிய கதைக்குள்ளேயே புகுந்துவிட்டான்.

இதுகாறும் இரசிகர் கருத்தின் நற்பயன்களைக் கூறினேன். இனி அதன் தவறுகளையும் கூறுதல் நேர்மையாகும். முதலாவது தவறு, அவசரத் தீர்ப்பு.

நமது நாட்டோடு தொடர்புடைய உதாரணம் ஒன்று உண்டு. 1956 முதல் இலங்கையிலே வாழ்ந்து 2008இற் கொழும்பிற் காலமான ஆதர் சி. கிளார்க், இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்குடன் இணைந்து '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்னும் படத்தின் கதையை எழுதினார். 1968 ஏப்ரிலில் அது முதன்முதலாகக் காட்டப்பட்டபோது வந்திருந்தோரிற் பலர் பாதியிலேயே எழுந்து சென்றனர். விமர்சகர் பலர் பழித்தனர். கூப்ரிக் பத்தொன்பது நிமிடக் காட்சிகளை வெட்டிக் குறைத்தார். ஆனால் பின்னர் இளைஞர் கூட்டம் படத்தைத் தேடி வந்தது. ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறையும் வந்தனர். இன்று உலகின் தலைசிறந்த படங்களுள் அதுவும் ஒன்றாக எண்ணப்படுகின்றது. எழுந்து சென்றவர்களும் படத்தைக் கண்ட பின்னரே சென்றனர் என்பதை அவர்களுக்குச் சார்பாகச் சொல்லலாம். முழுவதும் காணவில்லை என்பதே அவர்கள் குறை.

சிறிதும் காணாமலே தீர்ப்புச் சொன்னவர்களும் உளர். 1988இல், 'பேட்மேன்' படத்திற் கதாநாயகனாக மைக்கேல் கீற்றன் நடிப்பார் என்று அறிவிக்கப்பட்டது. நகைச்சுவைப் படங்களிற் பெயர் பெற்றவர் அவர். பெரிய உடற்கட்டு உடையவரல்லர். இருளில் உலவும் கடுமையான வீரனாக இவர் எங்ஙனம் நடிப்பார் என்று இரசிகர் கொதித்தனர். ஏறத்தாழ ஐம்பதினாயிரம் கண்டனக் கடிதங்கள் வார்னர் நிறுவனத்துக்கு வந்தன. அவை எழுதப்பட்டபோது ஒரு காட்சிதானும் படமாக்கப்படவில்லை. 1989 யூனிற் படம் வெளிவந்தது. உலகெங்கும் நாற்பது கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. முகத்தின் பெரும்பகுதி முகமூடியால் மறைக்கப்பட்ட வேடத்திற் கண்களாலேயே நடிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்பதை இயக்குநர் டிம் பேர்ட்டன் அறிந்திருந்தார். எதிர்த்தவர்கள் உடற்கட்டை மட்டுமே அளந்தனர். 2023இல் அதே கீற்றன் அதே வேடத்தில் வேறொரு படத்தில் மீண்டும் தோன்றியபோது இரசிகர்கள் அவரைத் தம் பழைய நண்பரைப்போல வரவேற்றனர்.

இத்தவறு ஒருமுறையோடு நிற்கவில்லை. 2006இல் அதே கதைவரிசையில் 'ஜோக்கர்' என்னும் வில்லனாக ஹீத் லெட்ஜர் நடிப்பார் என்றபோதும் அதே கூக்குரல் எழுந்தது. 2008இல் வெளிவந்த 'த டார்க் நைட்' படத்தில் அவர் நடித்ததைக் கண்டவர்கள் வாயடைத்துப்போயினர். அவ்வாண்டு தொடக்கத்திலேயே அவர் காலமாகிவிட்டார். 2009இல் ஒஸ்கார் விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டபோது அதைப் பெற்றுக்கொள்ள அவரது குடும்பத்தினரே மேடையேறினர். தவறாகக் கணித்தோம் என்று இரசிகர் ஒப்புக்கொண்டதைக் கேட்க அவர் இல்லை.

இவ்வாறு கூறுவதால் இரசிகர் மனக்குறை எப்போதும் அவசரத்தின் விளைவென்று கொள்ளலாகாது. நியாயமான குறையும் உண்டு. ஜோர்ஜ் லூக்காஸ் 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தை இயக்கினார். 1988இல் அவர் அமெரிக்க மேலவைக் குழுவொன்றின் முன் தோன்றி, பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணம் பூசி உருமாற்றுவதைக் கடுமையாக எதிர்த்துச் சாட்சியமளித்தார். படங்கள் மக்களின் பண்பாட்டுச் செல்வம், அவற்றைச் சிதைக்கலாகாது என்பது அவர் வாதம். அவரே 1997இல் தமது படத்தைத் திருத்திப் புதுப் பதிப்பாக வெளியிட்டார். மதுக்கடைக் காட்சியொன்றில், தன்னைப் பிடிக்க வந்தவனை ஹான் சோலோ என்னும் பாத்திரம் முந்திக்கொண்டு சுட்டதாக முதற்படத்தில் இருந்தது. திருத்திய படத்தில் வந்தவன் முதலிற் சுடுவதாக மாற்றினார்.

ஒரு துப்பாக்கி வேட்டுக்கு இத்தனை ஆரவாரமா என்று பலர் நகைத்தனர். ஆனால் இரசிகர் எடுத்துக்காட்டிய காரணம் நுட்பமானது. தன்னலமே பெரிதென்று வாழ்ந்த ஒருவன், கதையின் இறுதியில் நண்பருக்காகத் திரும்பி வருகிறான் என்பதே அப்பாத்திரத்தின் சிறப்பு. தொடக்கத்திலேயே அவனை நல்லவனாக்கிவிட்டால் இறுதியில் அவன் மாறுவதற்கு என்ன இருக்கிறது? இஃது இலக்கிய விமர்சனமேயாகும். பண்டிதர் ஒருவர் காவியப் பாத்திரத்தைப் பற்றி இவ்வாறு வாதிட்டால் நாம் தலையசைத்துக் கேட்கமாட்டோமா? மேலும், புதிய பதிப்பு வேண்டாம் என்பதன்று அவர்களிற் பெரும்பாலோர் கேட்டது. பழையதையும் பார்க்கக் கிடைக்கவிடுங்கள் என்பதே. படைத்தவருக்குத் திருத்தும் உரிமை உண்டு. முன்பு உலகுக்குக் கொடுத்ததை உலகின் நினைவிலிருந்து பறிக்கும் உரிமை அவருக்கு உண்டோ என்பது ஐயத்துக்குரியது. இவ்விடயத்தில் நான் இரசிகர் பக்கமே நிற்கின்றேன்.

ஆனால் அதே படவரிசையின் இரசிகர் சிலர் செய்த வேறொன்றை என்னால் நியாயப்படுத்த இயலாது. 1999இல் வெளிவந்த 'த பேன்டம் மெனஸ்' படத்தில் ஜார் ஜார் பிங்ஸ் என்னும் வேற்றுலகக் கோமாளிப் பாத்திரம் இடம்பெற்றது. அதற்குக் குரலும் உடலசைவும் கொடுத்தவர் அஹ்மத் பெஸ்ட் என்னும் இளைஞர். அவரது அசைவுகளைக் கொண்டு கணினி அப்பாத்திரத்தின் உருவத்தை வரைந்தது. முதன்மைப் பாத்திரமொன்றை அவ்வாறு முழுமையாக உருவாக்கியது அக்காலத்திற் பெரும் புதுமை. பாத்திரம் பலருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பாத்திரத்தின் மீதிருந்த வெறுப்பு நடிகர் மீது பாய்ந்தது. எழுதியவர் வேறொருவர், இயக்கியவர் வேறொருவர் என்பதை ஒருவரும் நினைக்கவில்லை. பல ஆண்டுகள் மௌனமாக இருந்த அவர், அந்நாளில் ஒரு பாலத்தின்மீது நின்று உயிரைத் துறக்க எண்ணியதாக 2018இல் வெளியிட்டார். அவ்வேளை தம் சிறு மகனுடன் அதே பாலத்தில் நின்று எடுத்த படத்தையும் உடன் வெளியிட்டார்.

அவர் இதனை வெளியிடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் கெலி மேரி டிரான் என்னும் நடிகை தமது சமூக ஊடகப் பக்கத்திலிருந்த பதிவுகள் யாவற்றையும் அழித்துவிட்டார். வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்த பெற்றோரின் மகள் அவர். 2017இல் வந்த 'த லாஸ்ட் ஜெடை' படத்தில் நடித்தார். அவரது நிறத்தையும் தோற்றத்தையும் பழித்து மாதக்கணக்காக வசைகள் குவிந்தன. அவ்வாண்டு ஓகஸ்டில் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரையில், பிறர் கூறிய வசைகளைத் தாமே உண்மையென்று நம்பத் தொடங்கியதுதான் தமக்கு நேர்ந்த பெரிய தீங்கு என்று விளக்கியிருந்தார். ஒரு படத்தின் கதைப்போக்கைப் பற்றிய கருத்துக்கும் ஒரு பெண்ணின் முகத்தைப் பற்றிய வசைக்கும் என்ன தொடர்பு? முன்னையது கருத்து, பின்னையது கொடுமை. அதை இரசிகர் கருத்து என்ற பெயரால் அழைப்பதே அப்பெயருக்கு இழுக்கு.

2023இல் அஹ்மத் பெஸ்ட் அதே கதைவரிசையைச் சேர்ந்த 'த மண்டலோரியன்' தொடரில், ஒரு குழந்தையைக் காப்பாற்றும் வீரராகத் தோன்றினார். இரசிகர் ஆரவாரத்துடன் வரவேற்றனர். 1999இற் சிறுவராக இருந்து அக்கோமாளியை விரும்பிப் பார்த்தவர்கள் இப்போது வளர்ந்து தம் கருத்தைச் சொல்லும் பருவத்தை எய்திவிட்டனர். அன்று உரத்துப் பேசியவர்களின் குரல் எல்லாருடைய குரலும் அன்று என்பது இருபத்துநான்கு ஆண்டுகளின் பின்னர்தான் வெளிப்பட்டது.

இஃது இன்னொரு வினாவை எழுப்புகின்றது. இரசிகர் கருத்து என்று நாம் கேட்பது எத்தனை பேரின் கருத்து? 2017இல் 'ஜஸ்டிஸ் லீக்' என்னும் படத்தை இயக்கிக்கொண்டிருந்த ஸாக் ஸ்னைடர், தம் மகளின் மறைவினால் துயருற்று விலகினார். வேறொருவர் அதை முடித்தார். ஸ்னைடர் எண்ணிய வடிவிலேயே படம் வெளிவரவேண்டும் என்று இரசிகர் இயக்கம் நடத்தினர். அதே வேளையில், தற்கொலைத் தடுப்பு நிறுவனம் ஒன்றுக்காக ஐந்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பணத்தையும் சேர்த்துக் கொடுத்தனர். 2021 மார்ச்சில் நான்கு மணிநேரப் படமாக அது வெளிவந்தது. கடித இயக்கத்தின் வாரிசு என்று இதனை நாம் போற்றலாம். ஆனால் 2022இல் 'ரோலிங் ஸ்டோன்' சஞ்சிகை வேறொரு செய்தியை வெளியிட்டது. பட நிறுவனம் செய்வித்த ஆய்வின்படி, அவ்வியக்கம் பற்றி உரையாடிய கணக்குகளுள் நூற்றுக்குப் பதின்மூன்றாவது பொய்யானவை என்பதே அச்செய்தி. சேர்த்த பணமும் மெய். துயருற்ற தந்தை மீது கொண்ட பரிவும் மெய். அவற்றோடு ஆளில்லாத குரல்களும் கலந்துவிட்டன.

1968இல் வந்த மூட்டைகளை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடிதத்தின் பின்னும் ஒரு கை இருந்தது. மேசையருகே அமர்ந்து என்ன எழுதலாம் என்று சிந்தித்த சில நிமிடங்கள் இருந்தன. முத்திரை வாங்கத் தபாற் கந்தோருக்கு நடக்கும் வழியிற் கோபம் ஓரளவு தணிந்தும் இருக்கும். இன்று கோபமும் அதை வெளியிடுதலும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. இடையில் நடக்கவேண்டிய தூரம் இல்லை. பழைய காலமே சிறந்தது என்று கூற நான் வரவில்லை; கீற்றனைப் பழித்த ஐம்பதினாயிரம் கடிதங்களும் முத்திரை ஒட்டி வந்தவைதாம். ஆயினும், கருவி செய்து தந்த அந்தச் சிறு தாமதத்தை இன்று நாமே செய்துகொள்ளவேண்டியிருக்கிறது.

நேயர்களே, தொடக்கத்திற் கேட்ட வினாவுக்குத் திரும்புவோம். இரசிகருக்கு உரிமை உண்டா? உண்டு என்பதே என் துணிபு. நல்லதைக் கண்டு இது வாழவேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு. பிறர் எறிந்ததைப் பேணும் உரிமை உண்டு. கண்டபின் குறை கூறும் உரிமையும் உண்டு. ஆனால் காணுமுன் தீர்ப்புக் கூறவும், படைப்பை விட்டுப் படைத்தவர் மீதும் நடித்தவர் மீதும் பாயவும், தம் விருப்பமே உலகின் விருப்பம் என்று சாதிக்கவும் அவருக்கு உரிமை இல்லை. காவற்காரன் வீட்டைக் காக்கலாம். வீட்டில் உள்ளவர்களை அதட்டத் தொடங்கினால் அவனிடமிருந்து வீட்டைக் காக்க வேறொருவர் வேண்டும்.

வானொலி நிலையத்துக்கும் நாள்தோறும் நேயர் கடிதங்கள் வருகின்றன. பாராட்டும் வரும், கண்டனமும் வரும். இரண்டும் வேண்டும். கடிதம் வராத நிகழ்ச்சிக்குக் கேட்போர் இல்லையோ என்ற ஐயம் பேசுபவருக்கு எழுவது இயல்பு. இன்றைய பேச்சைப் பற்றியும் உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும். அதை எழுத அமரும்போது, பேச்சை முற்றாகக் கேட்டோமா என்று ஒருமுறையும், எழுதுவது பேச்சைப் பற்றியா பேசியவரைப் பற்றியா என்று மறுமுறையும் எண்ணிப்பார்த்தபின் எழுதுங்கள். அத்தகைய கடிதம் எவ்வளவு கடுமையானதாயினும் அதை மகிழ்ச்சியோடு படிக்கக் காத்திருக்கின்றேன்.